இரண்டு சுத்தியல்

எட்மண்டனில் இன்றைக்குச் சைபருக்குக் கீழே முப்பத்தொன்று.
வாசலில் கார்
மூக்கில் மின்கம்பியோடு,
சேலைன் ஏறும் நோயாளி போல.

சாப்பாட்டு மேசையில் இத்தாலி.
சப்பாத்தின் குதியில்
ஊறுகாய்ப் போத்தலை வைத்திருக்கிறோம்,
வரைபடம் சுருளாமல் இருக்க.
ஜெகதாஸ் பதினொரு ஊர் எழுதியிருக்கிறார்.
விடுமுறை பத்து நாள்.
"சின்ன ஃபியட் ஒண்டு எடுப்பம்.
நினைச்ச இடத்தில நிப்பாட்டலாம்."
யார் ஓட்டுவது என்று சொல்லவில்லை.
அவருக்கு இரவில் வெளிச்சம் கூசும்.

பதினேழு வருடமாக
நாற்பதடிப் பேருந்து ஒன்றை
மில்வுட்ஸிலிருந்து நகரத்துக்கு இழுத்துப் போகிறேன்.
எனக்குத் தெரிந்த எட்மண்டன்
முன்வண்டியின் சிவப்பு விளக்கு,
கண்ணாடியில் சிறுத்துப்போன முகங்கள்.
ஆற்றின் மேலே எத்தனை ஆயிரம் தரம்!
அது உறைந்ததும் உடைந்ததும்
பின் இருக்கைக்காரர் சொல்லித்தான் தெரியும்.

கார் வேண்டாம் என்றேன்.
"கார் இல்லாமல் என்னெண்டு?"
உப்பில்லாமல் என்னெண்டு என்கிற அதே குரல்.

அன்றிரவு தனியே இருந்து
புலியாவின் பஸ் அட்டவணையைப் படித்தேன்.
மொழி தெரியாது. தேவையும் படவில்லை.
குறுக்கே வைத்த இரண்டு சுத்தியல் என்றால் வேலைநாள்.
சிலுவை என்றால் ஞாயிறு.
6.52 தோட்டத்துக்குப் போகிறவர்களுக்கு.
7.35 பள்ளிப் பிள்ளைகளுக்கு.
13.20 அதே பிள்ளைகளைத் திருப்பிக் கொண்டுவர.
நடுவில் ஐந்து மணிநேரம் ஒன்றும் இல்லை.
அந்த நேரத்தில் அவன்,
அல்லது அவள்,
எங்கோ ஒரு மரநிழலில் பஸ்ஸை விட்டுவிட்டு
கோப்பி குடிப்பாள்.
நான் என்றால் குடிப்பேன்.

ரோமை வெட்டினேன்.
வெனிசை வெட்டும்போது ஜெகதாஸ்
தண்ணீர் குடிக்க எழுந்து போனார்.
மிஞ்சியது இரண்டு ஊர், இரண்டு கட்டில்:
குன்றின் மேல் லொக்கொரொத்தோந்தோ,
கடலோரம் மொனோபோலி.
ஞாயிறு பஸ் இல்லை, ஆகவே ஞாயிறு நாங்களும் இல்லை.
கதவைச் சாத்திவிட்டு அத்திப்பழம், தூக்கம்,
பின்னேரம் திராட்சைத் தோட்டம் வரை ஒரு நடை,
திரும்பி வரும்போது
யாராவது "எங்கே?" என்று கேட்டால்
கையால் மட்டும் ஒரு பதில்.
திங்கட்கிழமை, இரண்டு சுத்தியல்,
ஒலிவ் மரங்களுக்கு நடுவால் இறங்கிக் கடலுக்கு.

கல்கரியிலிருந்து ஆரணி:
"அம்மா, அங்க அடிக்கடி ஸ்ட்ரைக்."
அடிக்கட்டும்.
நானும் பனியில் அட்டை பிடித்து நின்றவள்தான்.
பஸ் வராத அன்றைக்கு
இன்னொரு தரம் மீன் சாப்பிடுவோம்.

ஆளுக்கொரு பெட்டி.
பஸ்ஸின் மூன்று படியும் தானே தூக்கி ஏறவேண்டும்.
அவருடைய பெட்டியிலிருந்து ரைஸ் குக்கரை எடுத்தேன்.
மிளகாய்த்தூளை விட்டுவைத்தேன்,
மனிதர் வெனிஸை இழந்திருக்கிறார்.

செப்டெம்பருக்கு இன்னும் ஏழு மாதம்.
இன்றைக்கு எனக்கு லீவு.
சும்மா பழகிப் பார்ப்போமே என்று
மில்வுட்ஸில் பஸ் ஏறி
இடதுபக்க ஜன்னலோரம் இருந்தேன்.
ஓட்டியது டெஸ்ஃபாய்.
"எங்கே போகிறாய்?" என்றான்.
"நீ போகிற இடத்துக்கு."
சிரித்தான். கொஞ்சம் சந்தேகமாகவும் பார்த்தான்.

ஜன்னலில் ஒரு பல் வைத்தியசாலை,
ஒரு சீக்கியப் பிள்ளை சறுக்கிய வழுக்கல்,
பாலம் வந்தது.
ஆறு வெள்ளை இல்லை. சாம்பல், சில இடத்தில் நீலம்.
நடுவில் ஒரு கறுப்புக் கீறல்,
அதிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது.
யாரிடமாவது சொல்லவேண்டும் போல இருந்தது.
பக்கத்தில் இருந்த பெண்
காதில் எதையோ செருகியிருந்தாள்.

ஒவ்வொரு நிறுத்தத்துக்கும்
டெஸ்ஃபாய் மிதிக்கும் முன்னமே
என் வலது கால் தரையை மிதித்தது.